வருஷக்கணக்கா நின்ன பழைய காரை எழுப்பணுமா? முதல்ல சாவியை ஒளிச்சு வைங்க

பழைய கார் ஒண்ணு கைக்கு வந்துடுச்சுன்னு வைங்க. தாத்தா ஓட்டினதா இருக்கலாம், யாரோ ஷெட்ல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்ததை வாங்கினதா இருக்கலாம், பத்து வருஷமோ இருபது வருஷமோ அசையாம நின்னிருக்கு. தார்ப்பாயை உருவினதும் எல்லாருக்கும் வர்ற முதல் ஆசை ஒண்ணுதான், எங்கேர்ந்தாவது ஒரு பேட்டரியைக் கொண்டாந்து மாட்டி செல்ஃப் அடிச்சுப் பாத்துடணும். அதை மட்டும் பண்ணாதீங்க.

நான் பண்ணேன், அதான் சொல்றேன். என் முதல் வண்டி 18 வருஷம் நின்னது, கையால சுத்திப் பாத்தப்போ கொஞ்சம் சுத்துச்சு, அப்புறம் என்னன்னு பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பிட்டேன், ரெண்டு சுத்து சுத்தினதும் டக்குன்னு ஒரு சத்தம். வால்வு கவரைக் கழட்டிப் பாத்தா ரெண்டு புஷ் ராட் (வால்வைத் திறக்கத் தள்ளுற கம்பி) வில்லு மாதிரி வளைஞ்சு கிடக்கு. பழைய பெட்ரோல் பிசின் மாதிரி காஞ்சு வால்வைக் கைடுலயே, அதாவது அது ஏறி இறங்குற குழாய்லயே, ஒட்ட வச்சிருந்திருக்கு, நகர மாட்டேன்னு அது நிக்க, செல்ஃப் மோட்டார் முரட்டுத்தனமா தள்ள, நடுவுல மாட்டின ராட் வளைஞ்சுடுச்சு. 18 வருஷம் நின்னதால ஆகாத சேதம் எனக்கு இருந்த அவசரத்தால அஞ்சு செகண்ட்ல ஆச்சு. நின்ன வண்டியில பாதி பழுது இப்படி எழுப்புறவன் கையாலதான் வருது.

அதனால இந்த வேலையில வரிசைதான் முக்கியம். என் வரிசை இது: முதல்ல பாக்குறது, அப்புறம் இன்ஜினைக் கையால சுத்த வைக்கிறது, அப்புறம் பெட்ரோல், பிரேக், வயரிங், கடைசியாத்தான் ஸ்டார்ட். பெயிண்ட் எல்லாம் அதுக்கும் அப்புறம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு முடிவு எடுத்துக்குங்க, ஓட்ற நிலைக்குக் கொண்டு வரப் போறீங்களா, இல்ல நட்டு போல்ட்டு வரைக்கும் பிரிச்சுப் புதுசு மாதிரி ஆக்கப் போறீங்களா. ரெண்டும் வேற வேற வேலை. முதல் தடவைன்னா ஓட்ற நிலையோட நிறுத்திக்குங்கன்னுதான் சொல்லுவேன். மொத்தமா பிரிச்சுப் போட்ட வண்டிகள்ல நிறைய அட்டைப் பெட்டிக்குள்ளயே செத்துப் போயிடும், பாதி சாமான் எதுக்குன்னு ஞாபகம் இருக்காது, ஆசையும் வடிஞ்சிடும், கடைசியில உதிரியா விக்கிறதுதான் நடக்கும். பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பு ஃபிவா, 1966ல ஆரம்பிச்சது, 30 வருஷம் தாண்டின வண்டியைத்தான் சரித்திர வண்டின்னு கணக்குல எடுக்கும், அவங்களும் இருக்குறதைக் காப்பாத்துறதுக்குத்தான் முதல் இடம் கொடுக்குறாங்க. ஒரிஜினல் பெயிண்ட்டும் ஒரிஜினல் சீட்டும் ஒரு தடவை போச்சுன்னா போச்சு, எவ்வளவு நல்லா பண்ணாலும் அது வேற.

கையை வைக்கிறதுக்கு முன்னாடி

போட்டோ எடுங்க. இது சின்ன விஷயம்னு விட்ருவீங்க, மூணு மாசம் கழிச்சு ஒரு வயர் எங்க போகுதுன்னு தெரியாம தலையைச் சொறியும்போது புரியும். ஒவ்வொரு ஹோஸ், ஒவ்வொரு கிளிப், பிளக் வயர் எந்த வரிசையில இருக்கு, கார்பரேட்டர் கம்பி எந்த ஓட்டையில மாட்டியிருக்கு, எல்லாத்தையும் ரெண்டு மூணு கோணத்துல எடுத்துடுங்க. சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் பேப்பர்ல இருக்குறதோட ஒத்துப் போகுதான்னு இப்பவே பாருங்க, எல்லாம் முடிச்ச பிறகு அந்தத் தலைவலி வேண்டாம். அந்த மாடலோட ஒர்க்‌ஷாப் மேனுவல் கிடைச்சா வாங்கிடுங்க, நான் கீழ சொல்ற அளவெல்லாம் பொதுவானது, உங்க வண்டிக்கு மேனுவல் சொல்றதுதான் சட்டம்.

அப்புறம் அடியில படுத்துப் பாருங்க. பெயிண்ட் எப்படி இருக்குன்னு பாக்குறதை விட வண்டியோட எலும்பு எப்படி இருக்குன்னு பாக்கணும். கதவுக்குக் கீழ ஓடுற சில், ஃப்ளோர், ஜாக்கி வைக்கிற இடம், லீஃப் ஸ்பிரிங் சேஸிஸோட சேர்ற இடம், இதெல்லாம் ஸ்க்ரூடிரைவர் முனையால குத்திப் பாருங்க, நல்ல தகடுன்னா டங்குன்னு சத்தம் வரும், துரு தின்னதுன்னா சொத்தைப் பல்லு மாதிரி உள்ள இறங்கும். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில சுத்தி பாடி மேல நகத்துங்க, ஒட்டாத இடத்துல எல்லாம் பட்டி பூசி மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம் (அலுமினியம் பாடின்னா எங்கயும் ஒட்டாது, பயந்துடாதீங்க). இன்ஜின் பழுதானா சரி பண்ணிடலாம், சேஸிஸே அரிச்சுப் போச்சுன்னா மேல தொடரலாமான்னு உக்காந்து யோசிக்கணும்.

எலி. நின்ன வண்டியில எலி குடும்பம் நடத்தாம இருந்தா ஆச்சரியம். ஏர் கிளீனர் டப்பா, சீட்டுக்குள்ள, ஹீட்டர் பெட்டி, சைலன்ஸர் குழாய்னு ஒண்ணு விடாம பாருங்க. கூட்டைக் கலைக்கும்போது காஞ்ச நிலையில துடைப்பம் போட்டுக் கூட்டாதீங்க, எலிப் புழுக்கைத் தூசி மூச்சுல போனா ஹான்டா வைரஸ் மாதிரி சமாச்சாரம் எல்லாம் வரலாம், கிருமிநாசினி கலந்த தண்ணியைத் தெளிச்சு ஊற விட்டு, மாஸ்க் கையுறை போட்டு அள்ளுங்க. எலி கடிச்ச வயர் எங்கெங்க இருக்குன்னும் அப்பவே சாக்பீஸால குறிச்சு வச்சுக்குங்க, பின்னாடி உதவும்.

வண்டியைத் தூக்கணும்னா ஜாக்கியில தூக்கி, ஆக்ஸில் ஸ்டாண்ட்ல உக்கார வச்ச பிறகுதான் அடியில போகணும், வெறும் ஜாக்கியை நம்பி ஒரு நிமிஷம் கூட உள்ள தலையை விடாதீங்க, பழைய வண்டியில ஜாக்கி வைக்கிற இடமே துருப்பிடிச்சு உள்ள போறது சகஜம். சக்கரம் கழட்டும்போது இன்னொண்ணு, சில பழைய வண்டிகள்ல இடது பக்கச் சக்கர நட்டு இடமரையா இருக்கும், அதாவது வழக்கத்துக்கு எதிர்ப் பக்கம் திருப்பினாத்தான் கழலும். இது தெரியாம பைப்பை மாட்டித் தொங்கி ஸ்டட்டையே முறிச்சவங்க நிறைய. டயர் பாக்க நல்லா கறுப்பா பட்டன் எல்லாம் முழுசா இருந்தாலும் நம்பாதீங்க, பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 2000க்கு அப்புறம் வந்த டயர் எல்லாத்துலயும் இப்படித்தான். மூணு இலக்கம்தான் இருக்குன்னா அது போன நூற்றாண்டு டயர், வண்டியைத் தள்ளுறதுக்கு மட்டும் வச்சுக்கலாம், ரோட்டுக்கு ஆகாது.

இன்ஜின் சுத்துதா?

நின்னு போன இன்ஜின் எப்பவும் எந்த நிலையில நின்னுச்சோ அந்த நிலையில ஒரு சில வால்வு திறந்தேதான் இருக்கும். அந்த வழியா ஈரக் காத்து சிலிண்டருக்குள்ள போகும், ஆயில் எல்லாம் வருஷக்கணக்குல கீழ வடிஞ்சிருக்கும், பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோட சேந்து துருப்பிடிச்சிடும். இதைத்தான் ஜாம் ஆயிடுச்சுன்னு சொல்றோம். பெரும்பாலும் இது சரியாகக் கூடிய ஜாம்தான், பொறுமை இருந்தா போதும்.

ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் கழட்டுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி பிளக்கைச் சுத்தி இருக்குற குப்பையைக் காத்தடிச்சு எடுத்துடுங்க, இல்லன்னா எல்லாம் உள்ள விழும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் ரெண்டு மூணு ஸ்பூன் துரு இளக்குற ஆயில் ஊத்துங்க. கடையில வர்ற பெனட்ரேட்டிங் ஆயில் போதும், நிறைய பேர் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊத்துவாங்க, அதுவும் நல்லா ஊடுருவும், ஆனா அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கிற சாமான், பெயிண்ட் மேல பட்டாலும் உரிச்சிடும், ஜாக்கிரதை. ஊத்திட்டு ஓட்டையைத் துணியால மூடிட்டுப் போயிடுங்க. மறுநாள் பாருங்க, அளவு குறைஞ்சிருந்தா நல்ல அறிகுறி, ரிங்கைத் தாண்டிக் கீழ இறங்குதுன்னு அர்த்தம், திரும்ப ஊத்துங்க. ஒரு வாரம் இதே வேலை.

அப்புறம்தான் சுத்திப் பாக்கணும். முன்னாடி கிராங்க் புல்லி நட்டுல நீளமான ஸ்பேனர் போட்டு, நட்டு இறுகுற பக்கமா, அதாவது இன்ஜின் வழக்கமா சுத்துற பக்கமா மெதுவா அழுத்துங்க. அசையலன்னா மேல ஏறி குதிக்காதீங்க, நட்டுதான் முறியும். இன்னொரு வழி, டாப் கியர் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுறது, தொட்டில் ஆட்டுற மாதிரி, நூல் அளவு அசைஞ்சாலே போதும், அது நாளைக்கு ஒரு விரல் அளவாகும், மறுநாள் முழுச் சுத்து வரும். என் ரெண்டாவது வண்டிக்கு இப்படி 23 நாள் ஆச்சு, 20வது நாள் வரைக்கும் கல்லு மாதிரி இருந்துச்சு. ஒரு மாசம் பாத்தும் அசையலன்னா சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி இருக்குற ஹெட்டைக் கழட்ட வேண்டியதுதான், அப்பவும் சுத்தியலால பிஸ்டன் தலையில நேரா அடிக்காதீங்க, மரக்கட்டை வச்சுத் தட்டணும்.

சுத்த ஆரம்பிச்சதும் வால்வு கவரைக் கழட்டி ஒருத்தர் மெதுவா சுத்த இன்னொருத்தர் ஒவ்வொரு வால்வும் இறங்கி ஏறுதான்னு பாக்கணும். நான் வாங்கின பாடம் இது. இறங்கின வால்வு மேல வராம நின்னா அங்க ஆயில் விட்டு, பிளாஸ்டிக் சுத்தியலால லேசா தட்டித் தட்டி விடுங்க.

பழைய ஆயிலை வடிங்க. முடிஞ்சா சம்ப்பையே, அதாவது இன்ஜின் அடியில இருக்குற ஆயில் தொட்டியையே, இறக்கிடுங்க, அடியில அல்வா மாதிரி கறுப்பா ஒரு படலம் உக்காந்திருக்கும், அதைச் சுரண்டாம புது ஆயில் ஊத்தினா அந்தப் புது ஆயில் அதைக் கரைச்சு எடுத்துட்டுப் போய் ஆயில் பம்ப் சல்லடையை அடைச்சிடும். ஆயில் ஃபில்டரும் மாத்திட்டு, மேனுவல் சொல்ற திக்னஸ்ல ஆயில் போடுங்க. பழைய ஃப்ளாட் டேப்பெட் இன்ஜின்னா (கேம்ஷாஃப்ட்டோட நேரா உரசுற தட்டையான டேப்பெட் இருக்குறது) துத்தநாகச் சேர்மானம் அதிகமா இருக்குற ஆயிலாப் பாத்து வாங்குங்க, இப்போதைய புது கார் ஆயில்ல அது குறைச்சல், கேம்ஷாஃப்ட் சீக்கிரம் தேஞ்சிடும்.

வயரிங் எல்லாம் முடிஞ்சு செல்ஃப் அடிக்கிற கட்டம் வந்ததும் ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டர்லயும் அழுத்தம் எவ்வளவு ஏறுதுன்னு, பண்ணிப் பாக்கலாம், பிளக் எல்லாம் வெளிய, ஆக்ஸிலரேட்டர் முழுசா அழுத்தின நிலையில. பழைய இன்ஜின்ல 100லேர்ந்து 150 பிஎஸ்ஐக்குள்ள ஏதோ ஒண்ணு காட்டும், காட்டுற எண்ணை விட சிலிண்டர்களுக்கு நடுவுல எவ்வளவு வித்தியாசம்னுதான் பாக்கணும், 10, 15 சதவீதத்துக்குள்ள இருந்தா சந்தோஷப்படுங்க. ஒண்ணு மட்டும் ரொம்பக் குறைவுன்னா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்பப் பாருங்க, ஏறினா ரிங் பிரச்சனை, ஏறலன்னா வால்வு. ஆனா இதை வச்சு உடனே இன்ஜினைப் பிரிக்காதீங்க, ஒட்டிக்கிட்ட ரிங் கொஞ்ச தூரம் ஓடினதும் தானா விடுபட்டு கம்ப்ரஷன் ஏறுறது நிறைய நடக்கும்.

பெட்ரோல் டேங்க்கும் கார்பரேட்டரும்

டேங்க் மூடியைத் திறந்ததும் பெயிண்ட் கடை வாசனை வந்தா பெட்ரோல் கெட்டுப் போச்சு. எத்தனால் கலந்த பெட்ரோல்னா இன்னும் மோசம், காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சி, ஒரு அளவு தாண்டினதும் தண்ணியும் எத்தனாலும் தனியாப் பிரிஞ்சு அடியில தங்கி டேங்க்கை உள்ளேர்ந்து அரிக்கும். மொத்தத்தையும் வடிச்சு, டேங்க்கை இறக்கி, சிட்ரிக் ஆசிட் கரைச்ச வெந்நீர் ஊத்தி ஊற விட்டு, உள்ள ஒரு சின்ன சங்கிலியைப் போட்டுக் குலுக்கினா துரு உதிர்ந்து வரும், அப்புறம் நல்லா அலசி உடனே காய வைக்கணும், ஈரத்தோட விட்டா ராத்திரியே திரும்ப துரு வந்துடும். ஓட்டை இருந்தா வெல்டிங் வைக்க நீங்களா போகாதீங்க. பெட்ரோல் நிறைஞ்ச டேங்க்கை விட காலி டேங்க்தான் ஆபத்து, உள்ள இருக்குற ஆவி குண்டு மாதிரி வெடிக்கும், அது தெரிஞ்சவங்க வேலை.

ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க, எத்தனாலைத் தாங்குற ஹோஸாப் பாத்து. ஃபியூயல் பம்ப் உள்ள இருக்குற டயாஃப்ரம் காஞ்சு விறைச்சிருக்கும், அது கிழிஞ்சா சில பம்ப்ல பெட்ரோல் நேரா சம்ப்புக்குள்ள இறங்கி ஆயிலோட கலந்துடும், டிப்ஸ்டிக்ல பெட்ரோல் வாசனை வந்தா இதுதான் காரணம். கார்பரேட்டரைப் பிரிக்கும்போது வெள்ளைத் துணி விரிச்சு உக்காருங்க, ஒரு சின்ன பால் உருண்டு ஓடினா நாள் முழுக்கத் தேடணும். ஜெட் (பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை) அடைச்சிருந்தா கம்பி விட்டுக் குத்தாதீங்க, பித்தளை மெத்துன்னு இருக்கும், ஓட்டை பெருசாகி மைலேஜ் போயிடும், கிளீனர்ல ஊற வச்சுக் காத்தடிங்க. ஃப்ளோட்டை (பெட்ரோல்ல மிதக்குற குண்டு) காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள தளதளன்னு சத்தம் கேட்டா ஓட்டை.

ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வண்டிதானே, இப்போ வர்ற பெட்ரோல் ஒத்துக்குமான்னு கேப்பாங்க. உலகத்துல கடைசியா 2021ல அல்ஜீரியாவும் நிறுத்திட்டதால அந்தப் பெட்ரோல் இனி வண்டிக்குக் கிடைக்காது. ஈயம் வால்வு சீட்டுக்கு ஒரு மெத்தை மாதிரி இருந்துச்சு, அது இல்லாம ரொம்ப வேகமா ரொம்ப தூரம் ஓட்டினா சீட் தேயும். ஞாயித்துக்கிழமை மெதுவா உலா போற வண்டிக்கு இதை நினைச்சுத் தூக்கம் கெட வேண்டாம், எப்பவாவது ஹெட்டைக் கழட்டினா அப்போ கெட்டியான சீட் போட்டுக்கலாம்.

கூலிங்ல ரேடியேட்டரை ஒரு தடவை முன்னாடியும் ஒரு தடவை பின்னாடியும் தண்ணி விட்டு அலசுங்க, தெர்மோஸ்டாட்டை வெந்நீர்ல போட்டு திறக்குதான்னு பாருங்க, ஹோஸும் ஃபேன் பெல்ட்டும் புதுசு. வடிக்கிற கூலன்ட்டைத் தரையில விட்டுடாதீங்க, இனிப்பா இருக்கும், நாயோ பூனையோ நக்கினா செத்துடும்.

பிரேக், இதுல கஞ்சத்தனம் வேண்டாம்

வண்டி ஓடலன்னா அவமானம் அவ்வளவுதான், நிக்கலன்னா உயிர். ஆனா பாருங்க, எல்லாரும் இன்ஜினுக்கு ஒரு வருஷம் செலவு பண்ணிட்டு பிரேக்குக்கு ஒரு மத்தியானம்தான் ஒதுக்குவாங்க.

பிரேக் ஆயில் தண்ணியை உறிஞ்சும். டாட் 3ங்கிற (DOT 3) தர ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரைக்குமாவது கொதிக்காம தாங்கணும்னு கணக்கு, ஈரம் ஏறிட்டா அது 140 ஆக இறங்கிடும். டாட் 4க்கு 230ம் 155ம். பத்து வருஷம் நின்ன ஆயில்ல ஈரம் எவ்வளவு இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க, இறக்கத்துல நாலு தடவை பிரேக் போட்டா கொதிச்சு ஆவியாகி பெடல் தரை வரைக்கும் போயிடும். அதே ஈரம்தான் பெடல்கிட்ட இருக்குற மாஸ்டர் சிலிண்டரையும் சக்கரத்துல இருக்குற வீல் சிலிண்டரையும் உள்ளேர்ந்து துருப்பிடிக்க வைக்குது. அதனால மொத்தத்தையும் பிரிக்கணும். சிலிண்டர் உள்ள விரல் நகத்தால தடவினா குழி தட்டுச்சுன்னா ரப்பர் கப் மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல, சிலிண்டரையே மாத்துங்க இல்ல ஸ்லீவ் போடுங்க.

ரப்பர் பிரேக் ஹோஸ் வெளிய பளபளன்னு இருந்தாலும் உள்ள வீங்கி அடைச்சிருக்கும். பெடல் மிதிச்சா ஆயில் போகும், விட்டா திரும்பி வராது, ஒரு வழிப்பாதை மாதிரி, அந்தச் சக்கரம் மட்டும் பிடிச்சுக்கிட்டே ஓடி சூடாகும். விலை ஒண்ணும் பெருசில்ல, எல்லாத்தையும் மாத்துங்க. இரும்புக் குழாயும் கிளிப் மாட்டியிருக்குற இடத்துல அடியில துரு தின்னிருக்கான்னு பாருங்க.

பிரேக் டிரம்மைக் கழட்டினதும் உள்ள இருக்குற தூசியை ஊதாதீங்க, காத்தும் அடிக்காதீங்க. பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட்ல எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நல்ல மாஸ்க் போட்டுக்கிட்டு, ஈரம் பண்ணித் துடைச்சு பையில கட்டிப் போடுங்க. பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடிச்ச இடத்துல வெல்டிங்கும் வைக்காதீங்க, குளோரின் கலந்த வகைன்னா சூட்டுல பாஸ்ஜீன்னு ஒரு விஷ வாயு வரும்.

எல்லாம் மாட்டி புது ஆயில் ஊத்தி ஏர் எடுங்க, அதாவது குழாய்ல மாட்டின காத்தை வெளியேத்துங்க, பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரத்துல இருக்குற சக்கரத்துலேர்ந்து ஆரம்பிச்சு கிட்ட வரணும். சிலிக்கான் வகை டாட் 5 ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்ட்டை அரிக்காது, நின்னுகிட்டே இருக்குற வண்டிக்கு அதை ஊத்தணும்னு சிலர் சொல்லுவாங்க, ஊத்தலாம், ஆனா பழைய ஆயிலோட ஒரு சொட்டு கூடக் கலக்கக் கூடாது. நான் டாட் 4 ஊத்தி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுறேன்.

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோட துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும், பெடல் மிதிச்சாலும் கியர் விழாது. பெடலை அழுத்தின நிலையில ஒரு கட்டை வச்சு முட்டு கொடுத்து ரெண்டு மூணு நாள் விடுங்க, அடிக்கடி கியர்ல போட்டு வண்டியை ஆட்டுங்க, பாதி நேரம் இதுலயே விடுபட்டுடும்.

வயரிங்

மாட்டுறதுக்கு முன்னாடி உங்க வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, பாடியில இணைச்சிருக்குறது மைனஸா பிளஸ்ஸான்னு பாருங்க. 1960கள் நடு வரைக்கும் வந்த நிறைய பிரிட்டிஷ் வண்டியில பிளஸ்தான் எர்த். இன்னைக்குப் பழக்கத்துல மாத்தி மாட்டினா ரேடியோ, ஆல்டர்னேட்டர் டயோடு எல்லாம் ஒரே நொடியில போயிடும்.

பழைய வயருக்கு மேல துணியும் ரப்பரும்தான் உறை, மடக்கினா முறுக்கு மாதிரி நொறுங்கும். அப்படி நொறுங்கினா டேப் சுத்தி ஒப்பேத்தாம புது ஹார்னஸ், அதாவது மொத்த வயர்க் கட்டும், போடுங்க. நிறைய பழைய வண்டியில ஃபியூஸே ரெண்டுதான் இருக்கும், பாதி சர்க்யூட்டுக்கு அதுவும் கிடையாது. அதனால முதல் தடவை பேட்டரியை நேரடியா இணைக்காம நடுவுல ஒரு ஹெட்லைட் பல்ப்பை வைங்க, அதே வோல்ட் பல்ப். சாவி ஆஃப்ல இருக்கும்போது பல்ப் பளிச்சுன்னு எரிஞ்சா எங்கேயோ ஷார்ட், ஆனா பல்ப் கரண்ட்டைக் கட்டுப்படுத்துறதால வயர் எரியாது, நிதானமா ஒவ்வொரு இணைப்பா கழட்டித் தேடலாம். எரியலன்னா அப்புறம் நேரா இணைங்க, பக்கத்துல ஃபயர் எக்ஸ்டிங்விஷர் இருக்கட்டும். லைட் எரியல, ஹாரன் அடிக்கலன்னா பத்துக்கு எட்டு தடவை எர்த்துதான் காரணம், போல்ட்டைக் கழட்டித் துருவை உப்புத்தாளால தேச்சு மாட்டினா சரியாகிடும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து கான்டாக்ட் பாயிண்ட்டைச் சுத்தம் பண்ணுங்க, மேல ஆக்ஸைடு படலம் படிஞ்சிருக்கும், பெரும்பாலும் அதுதான் ஸ்பார்க் வராததுக்குக் காரணம், காயிலை மாத்தி காசைக் கரியாக்காதீங்க. பாயிண்ட் இடைவெளி பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டர் பக்கத்துல இருக்கும். கண்டென்சர் புதுசு வாங்கினாலும் பழசைத் தூக்கிப் போடாதீங்க, புதுசா வர்றதுல தரம் ஒரு மாதிரிதான், எனக்கு ரெண்டு தடவை நடு ரோட்டுல பழசுதான் கை கொடுத்துச்சு.

இப்போ சாவியை எடுங்க

பிளக் எல்லாம் வெளிய இருக்கட்டும். செல்ஃப் அடிங்க, பத்து பத்து செகண்டா, நடுவுல மோட்டார் ஆற விட்டு. ஆயில் பிரஷர் முள் எழும்புற வரைக்கும், இல்ல வார்னிங் லைட் அணையுற வரைக்கும். எழும்பலன்னா அங்கயே நிறுத்துங்க, ஆயில் வராம ஸ்டார்ட் பண்ணா பேரிங் காலி. எழும்பினதும் பிளக் மாட்டி, டேங்க்கை நம்பாம ஒரு சின்ன கேன்ல புது பெட்ரோல் எடுத்து, இன்ஜின் சூட்டுலேர்ந்து தள்ளி வச்சு, அதுலேர்ந்து ஹோஸ் போட்டு பம்ப்புக்குக் கொடுங்க. வெளிக்காத்து வர்ற இடத்துல வண்டி நிக்கணும்.

ஸ்டார்ட் ஆச்சுன்னா புகை மண்டலமா இருக்கும், சிலிண்டருக்குள்ள ஊத்தின ஆயில் எரியுது, பயப்படாதீங்க, சைலன்ஸர்லேர்ந்து எலி சேத்து வச்ச தானியம் எல்லாம் பறந்து வரும். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு உறும விட்டு வீடியோ எடுக்கணும்னு கை துறுதுறுக்கும், அடக்கிக்குங்க. கண்ணு ஆயில் முள் மேல, மூக்கு பெட்ரோல் வாசனை மேல. ரெண்டு நிமிஷம் ஓட விட்டு அணைச்சுட்டு, சுத்தி எங்கெல்லாம் ஒழுகுதுன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, சரி பண்ணிட்டு அடுத்த தடவை பத்து நிமிஷம், சூடு ஏறி தெர்மோஸ்டாட் திறக்குற வரைக்கும்.

துரு, பெயிண்ட் பத்தி சுருக்கமா. சின்ன சாமான் துருவுக்கு எலக்ட்ராலிசிஸ் நல்லா வேலை செய்யும், பிளாஸ்டிக் வாளியில சலவை சோடா கரைச்ச தண்ணி, சாமானுக்கு சார்ஜரோட மைனஸ், ஒரு சாதா இரும்புத் துண்டுக்குப் பிளஸ். அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கக் கூடாது, விஷக் குரோமியம் தண்ணியில இறங்கும். ஹைட்ரஜன் வரும், அதனால வெளிய வச்சுப் பண்ணுங்க, நெருப்பு பக்கத்துல வேண்டாம். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம்கிறதால காஞ்ச நிலையில தேய்க்காதீங்க, தண்ணி போட்டுத் தேய்ங்க. மங்கிப் போன பெயிண்ட்டை ரீபெயிண்ட் பண்ண ஓடறதுக்கு முன்னாடி ஒரு மூலையில ரப்பிங் காம்பவுண்ட் போட்டுப் பாருங்க, பழைய பெயிண்ட்டுக்கு மேல தனியா கிளியர் கோட் கிடையாது, மேல் படலம் போனா அடியில அதே கலர் பளிச்சுன்னு வரும்.

முதல் ஓட்டம் காலி இடத்துல, நடந்து போற வேகத்துல, பிரேக்கை மட்டும் பத்து தடவை போட்டுப் பாக்க. அடுத்தது ரெண்டு கிலோமீட்டர். நிறுத்தினதும் இறங்கி நாலு சக்கரத்துக்கிட்டயும் கையைக் கொண்டு போங்க, ஒண்ணு மட்டும் அனலா இருந்தா அங்க பிரேக் விடாம பிடிக்குது. நூறு கிலோமீட்டர்ல ஆயிலைத் திரும்ப மாத்திடுங்க, நீங்க நம்ப முடியாத அழுக்கு வரும்.

ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு பெரிய அட்டையை விரிச்சு வைங்க, முன் சக்கரம் பின் சக்கரம் எங்க வருதுன்னு பேனாவால குறிச்சு. காலையில அட்டையைப் படிக்கலாம், முன்னாடி பச்சையா இருந்தா கூலன்ட், நடுவுல கறுப்பு இன்ஜின் ஆயில், பின்னாடி கெட்டியா நாத்தத்தோட இருந்தா டிஃபரன்ஷியல், சக்கரத்துக்கு உள்பக்கம் தெளிவா எண்ணெய் மாதிரி இருந்தா பிரேக் ஆயில், அன்னைக்கு வண்டியை எடுக்காதீங்க. அட்டையில ஒரு சொட்டு கூட இல்லன்னா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை எடுத்து உள்ள ஆயில் இருக்கான்னு பாத்துடுங்க.